வெள்ளிக்கிழமை வந்த தந்தி

தபால்காரர் கலந்தர் நானா கடிதம் கொண்டுவரும் நாட்களில் மதகடியில் வைத்தே சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்கிவிடுவார். தந்தி என்றால் அடிக்கமாட்டார். மதகில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்து வருவார். எங்கள் குடியேற்றத்தில் அறுபத்திரண்டு வீடுகள். அவர் அப்படி நடந்து வருவதைக் கண்டால், தங்கள் படலையைக் கடந்து போகும்வரை பெண்கள் அகப்பையைக்கூட அசைக்காமல் நிற்பார்கள்.

வைகாசி மாதத்து அந்த வெள்ளிக்கிழமை அவர் எங்கள் படலையில் நின்றார்.

“ஆருக்கு?” என்று கேட்டபோதே அம்மாவின் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. வரணியில் அவளுடைய தமையன் படுத்த படுக்கையாக இருந்தார்.

“உங்களுக்கு இல்லை அன்னபாக்கியம் அக்கா, பயப்படாதேங்கோ. மிஸ்ஸுக்கு. சீமையிலையிருந்து வந்திருக்கு.”

அம்மா மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்காக உடனே வெட்கப்பட்டவள்போல, “ஐயோ, பாவம் அந்தப் பிள்ளை” என்றாள்.

மிஸ் என்று அவர் சொன்னது எங்களோடு தங்கியிருந்த மீரா அக்காவை. அவள் வீட்டில் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் கடைசிக் காணியில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்து வைத்து வாங்கினேன். எங்கள் ஊரில் யார் பெயருக்கு வந்தது என்று பார்த்துத் தந்தியைப் பிரிப்பதில்லை. வாசிக்கத் தெரிந்தவர் பிரிப்பார். அந்த வளவில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிரித்து, தமிழில் சொன்னேன்.

“அம்மாவுக்குக் கடுமை. உன்னைக் கேட்டபடி இருக்கிறா. உடனே வா. ஜீன்.”

கலந்தர் நானா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். மரணச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் ஓதுவது அது.

“எப்ப நடந்ததாம்?” என்று அம்மா கேட்டாள்.

“நடந்தது எண்டு இல்லையம்மா. கடுமை எண்டுதான் இருக்கு.”

“அதுதானே பிள்ளை கேக்கிறன். எப்ப நடந்ததாம்?”

ஒருவர் இறந்துபோனார் என்று தந்தி அடிக்கும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. தூரத்தில் இருக்கும் மகனோ மகளோ அந்தச் சொல்லைத் தனியே நின்று வாங்கக்கூடாது. வழியில் மயங்கி விழுந்துவிடக்கூடாது. கடுமை, உடனே புறப்படு என்றுதான் அடிப்பார்கள். அவர்கள் பஸ் ஏறி, வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது பறைச் சத்தம் மிச்சத்தைச் சொல்லிவிடும். அடிப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இருந்தாலும் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஐயா வயலிலிருந்து வந்ததும் அம்மா குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னாள். ஐயா சால்வையால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

ஐயாவுக்குத் தந்தியைப் பற்றி ஒரு கதை உண்டு. நாங்கள் வரணியிலிருந்து இங்கே காணி எடுத்து வந்த இரண்டாம் வருடம், அவருடைய தகப்பனுக்குக் கடுமை என்று தந்தி வந்தது. ஐயா அதை அப்படியே நம்பினார். கிளிநொச்சியில் பஸ் மாறும்போது நோயாளிக்கென்று ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் வாங்கி, அதைத் துவாயால் சுற்றிக் கையில் பிடித்தபடி வீட்டு வாசலில் போய் இறங்கினார். பாடை கட்டி முடிந்திருந்தது. செத்தவீட்டுக்கு ஹோர்லிக்ஸ் கொண்டுபோன வீரகத்தி என்று இப்போதும் வரணியில் அவரைச் சொல்வார்கள். அந்தப் போத்தல் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அம்மா அதில் சீரகம் போட்டு வைத்திருக்கிறாள்.

“மலர், பின்னேரம் அந்தப் பிள்ளை வரேக்கை ஒண்டும் காட்டிக்கொள்ளாதை” என்றார் ஐயா.

“சொல்லவேண்டாமோ?”

“சொல்லுவம். திங்கள் கோயில் பொங்கல் முடியட்டும்.”

மீரா அக்காவின் உண்மையான பெயரை எங்கள் ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. மொய்ரா. வந்த முதல் நாள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அந்தப் பெயரைச் சொல்லி வரவேற்கப் போய், மூன்றாம் வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அன்று மாலையே அம்மா அவளுக்கு மீரா என்று பெயர் வைத்துவிட்டாள். காரணத்தை நான் ஆறு மாதம் கழித்துத்தான் அவளுக்கு விளக்கினேன். கிணற்றுக் கட்டில் இருந்து சிரித்துச் சிரித்து வாளியை உள்ளே விட்டுவிட்டாள்.

ஸ்கொட்லாந்தின் வடகரையில் ஒரு மீன்பிடி ஊர் அவளுடையது. ஒரு தொண்டர் சங்கம் இரண்டு வருடத்துக்கு அனுப்பியிருந்தது. சம்பளம் இல்லை, சாப்பாடும் இருக்க இடமும் மட்டும். வீட்டுக்கு வீடு மலசலகூடத்துக்கு சீமெந்துத் தட்டு வார்த்துக் கொடுப்பதும், பிள்ளைகளின் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் அவளுடைய வேலை. அதனால் முதல் ஆறு மாதம் அவளைக் கக்கூஸ் மிஸ் என்றார்கள். ஐயா மட்டும் யாராவது அப்படிச் சொன்னால், “உன்ரை வீட்டிலை ஒண்டு கட்டித் தரட்டும், பிறகு மகாராணி எண்டு சொல்லுவாய்” என்பார்.

அவள் வருகிறாள் என்று கேள்விப்பட்டபோது என் மனதில் எழுந்த பெண் வேறு. வவுனியா நூலகத்திலிருந்து கைமாறி வரும் மொழிபெயர்ப்பு நாவல்களை நான் விளக்கு மண்ணெண்ணெய் தீருமட்டும் வாசிப்பேன். அவற்றில் வருகிறவர்கள்போல உரோமத் தொப்பியும் நீண்ட கோட்டுமாக, கண்ணில் ஏதோ துயரத்துடன் ஒருத்தி வந்து இறங்குவாள் என்று நினைத்திருந்தேன். வந்தவளுக்கு முகமெல்லாம் புள்ளி. கையெல்லாம் கொப்புளம். பனி பெய்யும் காட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எங்கள் ஊரில் மரமே இல்லை, காற்றும் மீன் நாற்றமும்தான் என்றாள். எனக்கு ஒரு வாரம் அவள்மேல் கோபம்.

பிறகு அவள் எங்கள் வீட்டில் ஒருத்தியானாள். கையால் பிட்டுப் பிசையப் பழகினாள். சம்பல் உறைத்துக் கண்ணீர் வழிந்தாலும் தட்டை நீட்டினாள். அம்மாவின் பழைய சேலையைக் குறுக்குக் கட்டி வாய்க்காலில் குளித்தாள். பாம்பு கண்டால் ஓடாமல் நிற்கக் கற்றாள். வெளியே இறங்கும்போது “போறன்” என்று சொன்னால் அம்மாவின் முகம் மாறுவதைக் கண்டு, “போட்டு வாறன்” என்று சொல்லப் பழகினாள். அது மட்டும் கடினமாக இருந்தது அவளுக்கு: எதையும் நேரே சொல்லாமல் விடுவது.

ஒருமுறை பக்கத்துக் காணிக் கமலாசனி அக்காவின் மகனுக்குக் காலில் பெரிய புண். மீரா அக்கா பார்த்துவிட்டு, ஒழுங்காக மருந்து கட்டாவிட்டால் காலை வெட்ட வேண்டிவரும் என்று தெரிந்த தமிழில் பளிச்சென்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கமலாசனி அக்கா படலையைச் சாத்தினாள். புண் ஆறிவிட்டது, படலை திறக்கவில்லை.

“நான் சொன்னது உண்மைதானே அம்மா?” என்று மீரா அக்கா கேட்டாள்.

“உண்மைதான் பிள்ளை. எண்டாலும் வாயாலை விடக்கூடாது. விட்டால் அது உள்ளுக்கு வந்து குந்தியிடும்.”

மீரா அக்கா தன் சிறு குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டாள். தன்னுடைய தாய் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்பவள் என்றாள். இங்கே வரப் புறப்பட்ட அன்று, “ஊரார் பிள்ளைகளின் பீயைக் கழுவப் போகிறாய், என்னை ஆர் பார்க்கிறது? போ. கடிதம் போடாதே” என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாளாம். ஆனாலும் மீரா அக்கா இரண்டு கிழமைக்கு ஒரு கடிதம் போட்டாள். பதினான்கு மாதமாகப் பதில் இல்லை. கலந்தர் நானாவின் மணி மதகடியில் கேட்டால், கையில் சீமெந்தோடு ஓடி வருவாள்.

“இண்டைக்கு இல்லை மிஸ். நாளைக்கு வரும்” என்பார் அவர். ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்வார்.

“கோவத்திலை சொன்னது அது. பெத்த வயிறு அப்பிடித்தான் கத்தும்” என்று அம்மா அவளைத் தேற்றினாள். “வற்றாப்பளை அம்மாளுக்கு ஒரு நேர்த்தி வை. கொம்மாவின்ரை கடிதம் தானே வரும்.”

மீரா அக்கா நேர்த்தி வைத்தாள். வைகாசிப் பொங்கலுக்கு மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் அம்மாள் வாசலில் பொங்குவதாக. தாயின் கையெழுத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்று அவள் கேட்டதை நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். ஒரு மாதமாக அவளும் அம்மாவும் மீன் மச்சம் தொடவில்லை.

அதனால்தான் அன்று குசினிக்குள் அந்தப் பேச்சு.

“இப்பச் சொன்னால் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கேலாது” என்றாள் அம்மா. “கேள்விப்பட்ட நேரத்திலையிருந்துதானே துடக்கு. கேள்விப்படாதவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. நேர்த்தியை முடிக்கட்டும். செத்தவவுக்கும் அது நல்லது.”

“அக்காவின்ரை ஊரிலையும் இப்பிடித்தான் தந்தி அடிப்பினமோ?” என்று கேட்டேன்.

“எந்த ஊரிலை எண்டாலும் தாய் தாய்தான், தந்தி தந்திதான்” என்றார் ஐயா. “அடிச்ச சகோதரிக்கு மனம் வருமோ, செத்துப்போனா எண்டு எழுத? யோசிச்சுப் பார். இனிப் போனாலும் கப்பலிலை ஒரு மாதம். முகத்தைக்கூடப் பார்க்கேலாது. மூண்டு நாளிலை என்ன குறையப் போகுது?”

நான் வாசித்த கதைகளில் தந்தி வந்தால் மனிதர்கள் அன்றைக்கே ரயில் ஏறினார்கள். சில நேரம் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அது நினைவுக்கு வந்தது. ஆனால் அவை கதைகள். ஐயாவின் ஹோர்லிக்ஸ் போத்தல் அலுமாரியில் இருந்தது. தந்தியை நான் வாசித்துக்கொண்டிருந்த நாவலுக்குள் வைத்து, நாவலைத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

அன்று மாலை அவள் முழங்கைவரை சாம்பல் நிறமாக வந்தாள். கிணற்றடியில் கையைத் தேய்த்துக்கொண்டே, “கலந்தர் நானா வந்தவரோ?” என்று கேட்டாள்.

“வந்தவர். அங்கால் வீட்டுக்கு” என்றேன்.

“எனக்கு?”

“இண்டைக்கு இல்லை அக்கா.”

நாளைக்கு வரும் என்று என் வாய் தானாகச் சொல்லியிருக்கும். பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

சனிக்கிழமை காலை மடிப்பிச்சைக்குப் போனோம். அவள் அம்மாவின் மஞ்சள் சேலை உடுத்து, முந்தானையை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் ஓலைப்பெட்டியோடு பின்னால். அம்மா யாருக்கும் சொல்லவில்லை என்றுதான் சொன்னாள். ஆனால் கலந்தர் நானா உருட்டிவந்த சைக்கிளை அறுபத்திரண்டு வீடும் கண்டிருந்தது. எந்த வீட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை; எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒருபிடி போடும் இடத்தில் ஒரு சுளகு அரிசி போட்டார்கள். ஒருத்தி அவள் கன்னத்தைத் தடவினாள். ஒரு கிழவர் கதிரையை விட்டு எழுந்து நின்றார். ஒரு வீட்டில் அரிசியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் மூக்கைச் சிந்தினார்கள். கமலாசனி அக்காவின் படலையைத் தாண்டிப் போக நான் திரும்பியபோது அது திறந்தது. கமலாசனி அக்கா அரிசி அளக்கும் கொத்து நிறைய அரிசியோடு வந்தாள். மகனையும் கூட்டிவந்து, “அக்காவுக்கு நீயும் போடடா” என்று அவன் சின்னக் கைகளை நிரப்பினாள். அவன் காலில் தழும்பு வெள்ளையாக இருந்தது. மீரா அக்கா குனிந்து அவன் தலையில் முத்தமிட்டாள்.

திரும்பும் வழியில் அவள் கண்கள் பளபளத்தன. “மலர், இன்றைக்குத்தான் நான் இந்த ஊருக்கு வந்ததுபோல இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “எல்லோருக்கும் என்மேல் இவ்வளவு அன்பு இருந்ததா?”

நான் ஓலைப்பெட்டியை மற்ற இடுப்புக்கு மாற்றினேன்.

மதியம் கலந்தர் நானா கடிதங்களோடு வந்தபோது மதகடிக்கே போய் மறித்தேன்.

“நானா, கடுமை எண்டு தந்தி வந்து, ஆள் உயிரோடை இருந்த இடம் இல்லையோ?”

அவர் ஒரு காலை மதகில் ஊன்றி யோசித்தார். “பதினாலு வருசமா ஓடுறன் புள்ளை. ஒரே ஒரு இடம். லீவு எடுக்கிறதுக்கு ஒரு கிளாக்கர் தன்ரை உம்மாவுக்குக் கடுமை எண்டு தானே தனக்கு அடிச்சது. உம்மா குத்துக்கல்லாட்டம் இருந்தா.” சிரிக்கப் பார்த்தார், என் முகத்தைக் கண்டு நிறுத்தினார். “ஏன் கேக்கிறாய்?”

“ஒண்டுமில்லை.”

“மிஸ்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கோ. தாயில்லாப் புள்ளை இனி.”

அந்தச் சொல்லோடு என் சந்தேகமும் அடங்கிவிட்டது. பதினான்கு வருடம் தந்தி சுமந்தவருக்குத் தெரியாததா? உண்மையில், அடங்க வேண்டும் என்று நான் விரும்பினேன். பொங்கலுக்கு அவளோடு போக எனக்கு ஆசையாக இருந்தது. புதுச் சட்டை தைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிய வண்டில் கட்டினோம். திங்கட்கிழமை பின்னேரம் வற்றாப்பளையில் அடுப்பு மூட்ட இடமில்லாத அளவு சனம். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புத் தண்ணீரில் ஒரு கிழமையாக விளக்கு எரிவதை மீரா அக்கா எட்டிப் பார்த்தாள்; எப்படி என்று கேட்கவில்லை. முன்பென்றால் கேட்டிருப்பாள். மூன்று கல் வைத்து, புதுப்பானை வைத்து, ஊரார் போட்ட அரிசியைத் தன் கையாலேயே மூன்று முறை இட்டாள். புகையில் இருமிக்கொண்டு பாளையைத் தள்ளித் தள்ளி எரித்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தபோது அம்மா குரவை போட்டாள். “கிழக்காலை பொங்கினது. கேட்டது கிடைக்கும் பிள்ளை” என்றாள் பக்கத்து அடுப்புப் பெண்.

மீரா அக்கா கையைத் தலைக்குமேல் கூப்பினாள். வெயில் சரிந்துகொண்டிருந்தது. அவளுடைய ஊரில் அப்போது காலை. இதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் முற்றத்தில் ஐந்தாறு பெண்கள் முன்பே வந்து குந்தியிருந்தார்கள். எல்லோரும் வெளுத்த சேலை உடுத்திருந்தார்கள். அம்மா முதலில் அவளுக்குச் சோறு போட்டாள். கேட்டபிறகு சாப்பிடமாட்டாள் என்று, சாப்பிட வைத்துவிட்டுத்தான் சொல்வது. கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும். “இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு பிடி” என்று தானே குழைத்துக் கொடுத்தாள். மீரா அக்கா சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். வெளியே இருக்கும் பெண்களைக் கண்ணால் காட்டி, என்ன என்று என்னைக் கேட்டாள்.

அவள் கை கழுவினதும் அம்மா அவளைக் கட்டிப்பிடித்து, “என்ரை ராசாத்தி, உன்னைப் பெத்தவ போட்டாவேடி” என்று குரலெடுத்தாள். வெளியே இருந்த பெண்கள் உள்ளே வந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். மீரா அக்கா அந்தக் கைகளுக்கு நடுவே என்னைத் தேடினாள். நான் நாவலைத் திறந்து தந்தியைக் கொடுத்தேன்.

அவள் வாசித்தாள். முகம் வெளுத்தது. ஆனால் அழவில்லை.

“கடுமை என்றுதான் இருக்கிறது” என்றாள். “உயிரோடு இருக்கிறாள். என்னைக் கேட்கிறாள். மலர், என்னைக் கேட்கிறாள்!” அவள் குரலில் இருந்தது மகிழ்ச்சி. பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த ஒரு சொல். “ஏன் இவர்கள் அழுகிறார்கள்?”

நான் ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன். ஐயா வாசலில் நின்று, மெல்ல, “பிள்ளை, அது… அப்பிடித்தான் எழுதுறது” என்றார்.

“இல்லை” என்றாள். “ஜீன் அப்படி எழுதமாட்டாள். எங்களுடைய ஊரில், செத்தால் செத்தது என்று எழுதுவார்கள்.”

பிறகுதான் அவள் கண் தாளின் மூலைக்குப் போனது. முத்திரையில் திகதி இருந்தது. அவள் விரல் அதன்மேல் போய் நின்றது. என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை கிணற்றடியில் நான் சொன்னதை நினைக்கிறாள் என்று தெரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினார்கள்.

“வெள்ளிக்கிழமை” என்று தமிழில் சொன்னாள். “சனிக்கிழமை நான் கொழும்புக்குப் போயிருக்கலாம். அங்கேயிருந்து தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு என் குரல் கேட்டிருக்கும்.”

எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்த தொலைபேசி தபால் கந்தோரில் சுவரில் தொங்கும் ஒன்றுதான். கடலைத் தாண்டி ஒரு குரல் போகும் என்று யார் நினைத்தார்கள்?

அவள் உடுத்த சேலையோடு சிறிய பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாலு மணி பஸ் பிடித்தால் விடியக் கொழும்பில் இருக்கலாம். நான் பின்னால் ஓடினேன். செருப்பில்லாமல், செம்மண் புழுதி பறக்க நடந்தாள். அவ்வளவு வேகமாக யாரும் அந்த வீதியில் நடந்து நான் பார்த்ததில்லை.

மதகடியில் கலந்தர் நானா வந்துகொண்டிருந்தார். மணிச் சத்தம் இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி.

அவரைக் கண்டதும் மீரா அக்கா நின்றுவிட்டாள். அவளுக்கும் அதன் பொருள் தெரியும். பதினான்கு மாதம் இந்த ஊரில் இருந்தவள். அவர் நீட்டிய உறையை அவளே பிரித்தாள். வாசித்துவிட்டு என்னிடம் தந்தாள். இம்முறை தெளிவாக இருந்தது. அம்மா திங்கட்கிழமை காலை இறந்தாள். ஞாயிறு இரவுவரை நினைவு இருந்தது. உன்னை எதிர்பார்த்திருந்தாள்.

கலந்தர் நானா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்ப ஏன் ரெண்டாம் தரம்?” என்று கேட்டவர், பாதியிலேயே விளங்கிக்கொண்டார். சைக்கிள் அவர் கையிலிருந்து சரிந்து மதகுச் சுவரில் மோதியது. மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

நாலு மணி பஸ் வந்தது. நின்றது. நாங்கள் ஏறவில்லை. கொண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினான், பஸ் போய்விட்டது.

எட்டு நாளும் அடுத்த வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எங்கள் வீட்டைத் துக்க வீடாகவே ஊர் வைத்துக்கொண்டது. கமலாசனி அக்கா இரண்டு நேரமும் கொண்டுவந்தாள். மீரா அக்கா கொடுத்ததைச் சாப்பிட்டாள். எட்டாம் நாள் ஐயா கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு, “கொம்மாவுக்கு என்ன விருப்பம் பிள்ளை? படைக்க வேணும்” என்று கேட்டார். “தேத்தண்ணி” என்றாள். வெறும் தேத்தண்ணி ஒரு கோப்பை, அவள் கொண்டுவந்த தாயின் சிறிய படத்தின் முன் ஆறும்வரை இருந்தது.

அம்மா அவள் காலடியில் இருந்து, “எங்களிலை கோவமோ பிள்ளை?” என்று கேட்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று விரும்பினேன். அவளுடைய தாயைப்போல, முகத்துக்கு நேரே, ஒரு சொல்.

“கோவமில்லை அம்மா” என்றாள் மீரா அக்கா. மெல்லச் சிரித்தாள். “நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்.”

அவ்வளவு சுத்தமாக எங்கள் தமிழை அவள் அதுவரை பேசியதில்லை.

இன்னும் பத்து மாதம் இருந்தாள். இனிப் போய் என்ன என்று சொன்னாளாம் சங்கத்துக்கு. தட்டு வார்த்தாள், மருந்து கட்டினாள். யாரிடமும் சண்டை இல்லை. யாருடைய பிள்ளைக்கு என்ன நோய் என்றாலும், “சுகம் வரும்” என்றாள். மருந்தைத் தந்து, இன்னொருமுறை, “சுகம் வரும்” என்றாள். ஊரார் அவளை முன்னைவிட விரும்பினார்கள். இப்போது எங்கடை பிள்ளை மாதிரியே இருக்கிறாள் என்றார்கள். நான் ஒருத்திதான் அந்தச் சொல்லைக் கேட்டால் எழுந்து கிணற்றடிக்குப் போவேன். என்னோடும் அவள் அன்பாகத்தான் இருந்தாள். நாவலில் என்ன நடக்கிறது என்று கேட்பாள். நான் சொல்லிமுடித்ததும், “நல்ல கதை” என்பாள். முன்பு, இந்தப் பெண் முட்டாள், இவன் பொய்யன் என்று சண்டை பிடிப்பாள்.

போகும் நாளில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஊரே வந்தது. ஐயா வரவில்லை, வயலில் வேலை என்றார். அது அறுவடை முடிந்த மாதம். அலுமாரியிலிருந்த போத்தலைக் கழுவிக் காயவைத்து, தேன் நிரப்பி, துவாயால் சுற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டிருந்தார். மீரா அக்கா அதை இரு கையாலும் வாங்கினாள். படியில் ஏறித் திரும்பி, எல்லோரையும் பார்த்து, “போட்டு வாறன்” என்றாள்.

“ஓம், போட்டு வா பிள்ளை” என்றாள் அம்மா. அவள் வரமாட்டாள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், நாலு தடவை திருத்தி. எனக்கு அந்தத் தந்தி விளங்கியது, அதில் எழுதியிருந்ததுதான் உண்மை என்று ஒரு கணம் நினைத்தேன், புதுச் சட்டைக்காகவும் பொங்கலுக்காகவும் அந்த நினைப்பை விட்டுவிட்டேன் என்று எழுதினேன். என்னைத் திட்டி ஒரு வரி எழுதுங்கள் என்று முடித்தேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒன்று போட்டுவருகிறேன்.

மதகடியில் மணிச் சத்தம் கேட்டால் படலைக்குப் போய்விடுவேன். இன்றும் போனேன்.

“இண்டைக்கு இல்லைப் புள்ளை” என்றார் கலந்தர் நானா. “நாளைக்கு வரும்.”

“நானா, வராதெண்டால் வராதெண்டு சொல்லுங்கோ.”

அவர் கடிதக் கட்டை எடுத்து இன்னொருமுறை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். கட்டைப் பையில் வைத்து, சைக்கிளில் ஏறினார்.

“நாளைக்கு வரும்” என்றார், என்னைப் பார்க்காமல்.